நீலக் குகைக்குப் போன அக்காவும் தம்பியும்

ஸாரென் மெல்பர்னிலிருந்து வந்த மூன்றாம் நாள், அவன் பெட்டியில் சுற்றுலாக் கையேடு ஒன்று இருப்பதை ஜோவான்னா பார்த்தாள். 'மால்டாவில் பார்க்க வேண்டியவை' என்று அட்டையில் போட்டிருந்தது. விமானத்தில் யாரோ விட்டுப்போனதாம். அவன் அதைப் புரட்டக்கூட இல்லை. முப்பத்துமூன்று வருடம் கழித்து வந்தவனுக்குப் பிறந்த ஊரான பிர்குவின் சந்துகளே போதுமாயிருந்தன. காலையில் எழுந்ததும் அப்பா வேலை பார்த்த கப்பல்துறை வாசல்வரை நடப்பான். திரும்பும்போது சூடாக நாலு பஸ்திட்சி வாங்கி, உள்ளே வைத்த பாலாடைக்கட்டி சட்டையில் ஒழுகத் தின்றுகொண்டே வருவான்.

ஜோவான்னாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நீலக் குகைப் படத்தில் அவள் விரல் நின்றது.

"இங்க போலாம்டா."

"நீ பாத்ததே இல்லையா? பஸ்ல ஏறினா ஒரு மணி நேரம்."

"எப்படா போறது? அம்மா பன்னெண்டு வருஷம் படுக்கையில. அப்புறம் எங்க வீட்டுக்காரர். வெளிநாட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போற எடம்னு விட்டுட்டேன்."

மறுநாள் காலை இருவரும் புறப்பட்டார்கள். வலெட்டாவில் இறங்கிப் பஸ் மாறினார்கள். ஓட்டுநர் தலைக்கு மேல் மாதா படம் குலுங்கக் குலுங்க, கற்சுவர் வயல்களுக்கு நடுவே வண்டி போயிற்று. கரையில் படகுக்காரன் ஜோவான்னாவின் கறுப்பு உடையையும் கைப்பையையும் பார்த்து, "அம்மா, பூசைக்கு வழி தவறி வந்துட்டீங்களா?" என்றான்.

"உன் படகு மூழ்காம இருக்க நான்தாண்டா செபம் பண்ணணும். கையைக் குடு."

ஜெர்மன்காரர்கள் ஆறு பேருடன் இவர்களும் ஏறினார்கள். பாறை வளைவுக்குள் படகு நுழைந்ததும், அடியிலிருந்து யாரோ விளக்கேற்றியதுபோல் தண்ணீர் நீலமாக ஒளிர்ந்தது. ஜோவான்னா வளையலை மேலே ஏற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டாள். சுருக்கம் விழுந்த அந்தக் கை, தண்ணீருக்குள் யாரோ இளம்பெண்ணின் கைபோலத் தெரிந்தது. அதை எடுக்க அவளுக்கு மனமே வரவில்லை.

"சின்ன வயசுல நாங்கல்லாம் துறையில குதிப்போம். நீ எங்க துணியக் காத்துக்கிட்டு உக்காந்திருப்ப" என்றான் ஸாரென்.

"குதிச்சிருந்தா அம்மா தோலை உரிச்சிருப்பா. உன் துணிக்கு யாரு காவல்?"

திரும்பும் வழியில் வலெட்டாவில் அவன் அவளை மேல் பரக்கா தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். கோட்டைச் சுவர் விளிம்பில் நின்றால் பெருந்துறைமுகம் முழுதும் காலடியில் கிடக்கும். எதிரே பிர்கு, அதன் முனையில் சாந்தாஞ்சலோ கோட்டை. கீழே சுங்கச்சாவடித் துறையை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கருந்துதான் கப்பல் ஏறினேன். எல்லாரும் வந்திருந்தாங்க. நீ வரல."

கப்பல் சீட்டு எடுத்ததிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. புறப்பட்ட அன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பின் வருடாவருடம் கிறிஸ்துமசுக்கு வீட்டுக்கு அவனிடமிருந்து ஒரு கடிதம், அதில் 'அக்கா நலமா' என்று ஒரு வரி. இருவரும் அதைத் தாண்டிப் போனதில்லை.

"வந்தேன்" என்றாள் ஜோவான்னா. "இங்க நின்னேன். கீழ வந்தா உன் சட்டையப் புடிச்சு இழுத்திருப்பேன். ஊரே பாத்திருக்கும். நீங்கல்லாம் கெளம்பினப்புறம் சிவப்பு மேசைத்துணிய உருவிக்கிட்டு, படகு புடிச்சு ஓடியாந்தேன். கப்பல் அலைத்தடுப்பத் தாண்டுற வரைக்கும் ஆட்டினேன்."

ஸாரென் அவள் பக்கம் திரும்பினான். "சிவப்பா ஒண்ணு தெரிஞ்சுது. எவளோ துணி காயப்போடுறான்னு பக்கத்துல நின்னவன்கிட்ட சொன்னேன்."

ஜோவான்னாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை.

"அம்மா செத்தப்ப டிக்கெட் எடுத்துட்டேன்க்கா. நீ கதவத் தெறக்க மாட்டேன்னு நெனச்சுத் திருப்பிக் குடுத்துட்டேன்."

அந்த ஒரு வாரமும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்த்தது ஜோவான்னாவுக்கு நினைவு வந்தது. அடக்கத்துக்குப் பிறகும் இரண்டு நாள் அவனுக்குப் படுக்கை விரித்து வைத்திருந்தாள்.

"மடையா" என்றாள் மெதுவாக. "ரெண்டு பேருமே மடையங்கடா."

படிகளில் இறங்கித் துறைக்குப் போனார்கள். பிர்குவுக்குப் போகத் தைசா படகு ஒன்று நின்றது. அவன் முதலில் ஏறி, அவள் இடுப்பைப் பிடித்து உட்காரவைத்தான். படகு நகர்ந்ததும், "அம்மா கடைசில என்னக் கேட்டாளா?" என்றான்.

கேட்டாள்தான். எந்த நாளில், என்ன சொல்லி, யார் பக்கத்தில் இருக்கும்போது என்று ஜோவான்னா ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள். படகு பிர்குக் கரையைத் தொட்ட பிறகும் சொல்லி முடியவில்லை. படகுக்காரன் அவசரப்படுத்தாமல் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.