ஆசிட்டில் கழுவிய தூள்

இராமச்சந்திரனுக்கு அந்தச் சத்தமே பிடிக்கவில்லை. மகன் டில்லிபாபு கண்ணாடிக் குடுவைக்கு வெளியே காந்தத்தை வைத்ததும், உள்ளே கிடந்த தூள் கலகலவென்று போய் ஒட்டியது. சரக்கு வாங்க வந்திருந்த மருந்துக் கம்பெனி மேலாளர் பாண்டுரங்கன் மெச்சித் தலையாட்டினார்.

ஒரகடம் சாலையில் மருந்துக்கு மூலப்பொருள் செய்யும் சின்ன ஆலை அது. இராமச்சந்திரன் பெயரில் நடந்தது. இரும்புத் துகள்மேல் பல்லேடியம் என்ற உலோகம் ஏற்றிய வினையூக்கியை, 2013இல், கெமிஸ்ட் சந்திரலேகாதான் அங்கே கொண்டுவந்தாள். வேலை முடிந்ததும் காந்தத்தைக் காட்டினால் தூள் ஒதுங்கும். தெளிந்ததை வடித்துக்கொண்டு அதே தூளை மறுபடி போடலாம், கழிவும் குறைவு. ஆனால் அந்தத் தூள் புகை நகர்வதுபோலச் சத்தமில்லாமல் வரும்.

சந்திரலேகாவைத் தனியே அழைத்தார். "இன்னாம்மா இது?"

"மண்ணூர் லேத் பட்டறை இரும்புப் பொடி ஐயா. நம்ம தூள சின்ன சார் நேத்து ஆசிட்ல கழுவிட்டாவ, பாத்திரம் கழுவுத மாதிரி. வேண்டாம்னு சொன்னேன், கேக்கல. உள்ள இருந்த இரும்பு பூரா கரைஞ்சிட்டு. இப்ப காந்தத்துக்கு அசையவே மாட்டேங்கு."

"கழுவின தண்ணி?"

"பின்னால கால்வாயில விட்டுட்டாவ."

கழுவியது அறியாமை என்றே வைத்துக்கொள்ளலாம். பட்டறைப் பொடியைக் காட்டி வித்தை செய்வதை என்னவென்று வைத்துக்கொள்வது?

திரும்பி வந்தார். "சார், இது எங்க தூள் இல்ல. அது கெட்டுப்போச்சு. இவன் உங்கள ஏமாத்துறான்."

"இன்னா நைனா நீ, வந்தவங்க எதிர்ல!"

பாண்டுரங்கன் பிஸ்கட்டை டீயில் தோய்த்து உறிஞ்சினார். "பெரியவரே, எனக்கு இது தெரியாதா? எங்களுக்குப் பேப்பர் போதும். சுத்தமான முறையில செஞ்சதுன்னு கையெழுத்துப் போடுங்க. அப்புறம் கழிவ எங்க வேணா ஊத்திக்கிங்க."

மீசையில் ஒட்டியிருந்த ஈரத் துணுக்கை அவர் நாக்கால் துழாவி எடுத்தார். இராமச்சந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் போடமாட்டேன்."

"நீ சும்மா குந்து நைனா. நான் போட்டுக்கிறேன்."

"போடு. முன்னால இனிஷியல் போடாத. அது என் பேரு."

டில்லிபாபு சிரித்தபடி பேனாவை எடுத்தான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம். கை முதலில் இனிஷியலைத்தான் எழுதியது.

இராமச்சந்திரன் தாளை இழுத்து நான்காகக் கிழித்தார்.

"வூட்டுச் சண்டை முடிஞ்சதும் கூப்பிடுங்க" என்று பாண்டுரங்கன் பையைத் தூக்கிக்கொண்டார்.

"கூப்பிடமாட்டோம்."

கார் கிளம்பியதும் டில்லிபாபு வெடித்தான். "ஒரு வருஷ ஆர்டர் பூட்ச்சு! பேர வெச்சிகினு நாக்கு வழிக்கிறதா?"

அவர் அவன் பக்கமே பார்க்கவில்லை.

"சந்திரலேகா, தண்ணிய எந்த இடத்துல விட்டாங்க? காட்டும்மா. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நானே எழுதணும். எழுதறதுக்கு முன்னால கண்ணால பாக்கணும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார்.