தானே பூட்டிக்கொள்ளும் கதவு

குப்பையைக் கொட்டத்தான் சண்முகசுந்தரம் வெளியே வந்தார். கதவு தானே சாத்தி, தானே பூட்டிக்கொண்டது. விருதுநகரில் எந்தக் கதவும் மனுஷனைக் கேட்காமல் பூட்டிக்கொண்டதில்லை. தொண்ணூற்று நாலில் மகன் வாங்கிய ஃபிளாட்டில் எல்லாமே இப்படித்தான். சாவி உள்ளே. போன மாதமும் இதே கூத்து. "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா மதுரையில அக்கா வீட்லயே இருங்கப்பா" என்று மகன் சொல்லிவிட்டான். மருமகன் வீட்டுச் சோற்றுக்குப் பட்டினியே மேல். மருமகள் ஸ்வர்ணலதா ஐந்து மணிக்கு வந்துவிடுவாள்.

பக்கத்து வீட்டில் கேட்டால் விஷயம் அவள் காதுக்குப் போகும். ராஜா அண்ணாமலைபுரத்தில் தெருவும் தெரியாமல் திசையும் தெரியாமல் கால் போன போக்கில் நடந்தார். அபிராமபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் ஆட்டுக்கல் பருமனுக்கு ஒரு இரும்புப் பூட்டு தொங்கியது. பலகையில் இங்கிலீஷ்; அவருக்கு அது ஓடாது. பூட்டுக் கடைதான், திறக்க ஆள் கிடைக்கும் என்று நுழைந்தார்.

சுவர் முழுக்கப் பூட்டு. கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் பூட்டு. ஒன்றிலும் விலை இல்லை. விலை எழுதாத கடைக்காரனை அவர் நம்புவதில்லை.

"வாங்கோ, வாங்கோ. நான் வேதாந்தம். இந்த வாரத்துல நீங்கதான் முதல் ஆள்" என்று ஒருவர் கைகூப்பினார்.

"இது என்ன விலை?"

"விக்கறதில்லை சார். பார்க்கறதுக்கு மட்டும். மியூசியம்."

"பூட்டைப் போய் எவன்யா பாப்பான்? கதவெல்லாம் எங்க?"

"கதவு கிடையாது."

"அப்ப இதெல்லாம் எதைப் பூட்டுது?"

வேதாந்தம் யோசித்தார். "ஒண்ணையும் பூட்டலை."

சண்முகசுந்தரத்துக்குத் தலை சுற்றியது. இவன் பைத்தியமா, திருடனா? மணியோ நாலு. வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னார்.

வேதாந்தத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "தானே பூட்டிக்கறதா? வாங்கோ, பார்த்துடலாம்!"

அவரை ஸ்கூட்டரில் ஏற்றி வந்து, மாடியேறி, ஒரு வளைந்த கம்பியைச் சாவித் துவாரத்துக்குள் விட்டார். வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. திறந்துகொண்டது.

"மட்டமான பூட்டு. யார் வேணா திறக்கலாம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பிழைத்தோம் என்று உட்கார்ந்தவர் அடுத்த மூச்சிலேயே எழுந்துகொண்டார். கம்பிக்காரனுக்கு இப்போது வீடு தெரியும். பகலில் கிழவன் ஒருத்தன்தான் இருப்பான் என்பதும் தெரியும். பூட்டை மாற்றச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் மதுரை. சொல்லாவிட்டால்?

நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். அதன்மேல் அரிசி டின்னையும் ஏற்றினார்.

ஐந்து மணிக்கு வெளியே சாவி திரும்பியது. கதவு அசையவில்லை.

"மாமா! திறக்க மாட்டேங்குதே! உள்ள என்ன பண்றீங்க?"

டின்னை முதலில் இறக்குவதா, பதிலை முதலில் யோசிப்பதா என்று தெரியாமல் சண்முகசுந்தரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.