வைஃபையில் இறங்கிய ஆட்டம்

பெட்டாலிங் ஜெயாவில் உள்ள அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில், புது மாணவர்கள் ஹாஸ்டலுக்குக் குடிவரும் நாள் என்றாலே ஐ.டி. பிரிவுக்குத் தலைவலிதான். அந்த முறை மட்டும் அந்தப் பிரிவில் வேலை பார்க்கும் பெர்னிஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. செந்தூலிலிருந்து எல்ஆர்டி ரயில் பிடித்து எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். காவலாளிக்குக்கூட ஒரு டோனட் வாங்கி வந்திருந்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக வைஃபைக்குள் நுழையப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டும். கைப்பேசியும் மடிக்கணினியும் கொடுத்துவிடும். டிவியும் கேம் பெட்டியும் ஸ்பீக்கரும் எங்கே போகும்? அவற்றை நுழைக்க வழியில்லாமல் பிள்ளைகள் சொந்த ரவுட்டர்களைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியிலும் துணிக்கூடைக்குள்ளும் ஒளித்துவைப்பார்கள். அறைக்கொரு ரவுட்டர் கத்தினால் மாடி முழுவதும் பாசார் மாலாம் இரவுச் சந்தை மாதிரிதான். ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது, யாருக்கும் நெட் ஒழுங்காகக் கிடைக்காது. பிரிவின் தலைவர் இராமலிங்கம் ஒவ்வொரு செமஸ்டரும் அறை அறையாய்ப் போய்ப் பறிமுதல் செய்வார். அடுத்த வாரமே பிள்ளைகள் வேறொன்று வாங்கிவிடுவார்கள்.

பெர்னிஸ்தான் ஒரு வழி சொன்னாள். பொருள்களுக்கென்றே தனியாக ஒரு வைஃபை. மாணவர்கள் தங்கள் பொருளைத் தாங்களே பதிந்துகொள்ளலாம். பதிந்தபின் ஒருவருடைய டிவி அவருடைய கைப்பேசிக்கு மட்டும் தெரியும், பக்கத்து அறைக்குத் தெரியாது. ஆளுக்கொரு வேலி.

இராமலிங்கம் கிள்ளானிலிருந்து தினமும் வருபவர். சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து யாரும் பார்த்ததில்லை, சிரித்தும் பார்த்ததில்லை.

"வேலி போடறது சுலபம்மா. அடுத்தவன் ஆடு உள்ள பூந்துச்சுன்னா என் பேருதான் கெடும்" என்றார்.

"பூந்துடாது சார். நான் பாத்துக்கிறேன் லா."

எப்படியோ ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த வேலிக்குத்தான் அன்று திறப்பு விழா.

காலையில் எல்லாம் பிரமாதமாகப் போயிற்று. ஹாஸ்டல் வாசலில் பெர்னிஸ் மேசை போட்டு உட்கார்ந்தாள். என்னென்னவோ வந்தன. தானாகத் தரை கூட்டும் வட்டப் பெட்டி வந்தது. நிறம் மாறும் பல்புகள் வந்தன. ஒரு பினாங்குப் பையன், மீனுக்கு நேரம் தவறாமல் தீனி போடும் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, "அக்கா, நான் கிளாஸுக்குப் போனா இது பட்டினி கெடக்கும்" என்றான். ஒவ்வொன்றாக உள்ளே ஏற, திரையில் பச்சைப் புள்ளி விழுந்தது. ஒவ்வொரு பச்சைக்கும் பெர்னிஸுக்கு எழுந்து ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது. யாரும் பார்க்காதபோது ஒருமுறை குதித்தும் விட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கப்புறம் முதல் அழைப்பு வந்தது. மூன்றாம் மாடியிலிருந்து நைஜல் என்ற புது மாணவன்.

"அக்கா, என் டிவில ஒரு அங்கிள் வராரு."

"என்ன படம் அது?"

"படம் இல்லக்கா, மூஞ்சி. ரொம்பக் கிட்ட. மூக்கு ஓட்டைதான் தெரியுது."

பெர்னிஸ் சிரித்துக்கொண்டே வைத்தாள். உடனே இன்னொரு அறையிலிருந்து அழைப்பு. அங்கே ஒரு நெற்றி தெரிகிறதாம். சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்து அழைத்தது ஹாஸ்டல் வார்டன் தனலெட்சுமி.

"பெர்னிஸ், ஹாலுக்கு ஓடி வாம்மா! பெரிய டிவில உங்க பாஸ் ஆடுறாரு!"

"கோவத்துலயா அக்கா?"

"ஐயோ, இல்லம்மா. நெசமாவே ஆடுறாரு!"

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே பெர்னிஸுக்குப் பொறி தட்டியது. போன வாரம் சோதனைக்காக வேலியை 'ஆளுக்கொன்று' என்பதிலிருந்து 'கட்டடத்துக்கொன்று' என்று மாற்றியிருந்தாள். திருப்பி மாற்றவே இல்லை. அதாவது இந்தக் கட்டடமே இப்போது ஒரே வீடு. யாருடைய கைப்பேசிக்கும் எல்லோருடைய டிவியும் தெரியும்.

நடந்தது இதுதான். வருகிற சனிக்கிழமை இராமலிங்கத்தின் மகள் விஷ்ணுப்ரியாவுக்குக் கிள்ளானில் கல்யாணம். விருந்தில் யாருக்கும் சொல்லாமல் மேடையேறி ஓர் ஆட்டம் போட்டு மகளை அசத்திவிட வேண்டும் என்று மனுஷனுக்கு ஆசை. வீட்டில் பழக முடியாது. உறவுக்காரர்கள் வந்து நிறைந்திருந்தார்கள். ஹாஸ்டல் முதல் மாடியில் விருந்தினர் அறை காலியாக இருந்தது, புது டிவியும் இருந்தது. தன் கைப்பேசியைப் புது வைஃபையில் பதிந்தார். அதன் கேமரா தன்னைப் பிடிக்க, டிவியில் தன் ஆட்டத்தைப் பெரிதாகப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று கணக்கு. ஆனால் பட்டியலில் வரிசையாக 'டிவி', 'டிவி', 'டிவி' என்றே இருந்தது. ஒன்றை அழுத்தினார், எதிரே உள்ள டிவி வாயைத் திறக்கவில்லை. இன்னொன்றை அழுத்தினார். கடைசியாக அழுத்தியது ஹாலின் டிவி. "உருப்படாத வைஃபை" என்று முனகிவிட்டு, கைப்பேசியை அலமாரியில் சாய்த்துவைத்து, அதன் சின்னத் திரையைப் பார்த்தே ஆட ஆரம்பித்தார். இணைப்பைத் துண்டிக்கத் தோன்றவில்லை.

ஹாலில் புது மாணவர்களும் பெற்றோர்களும் மூன்று மணி விளக்கக் கூட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். சுவர் முழுக்க இராமலிங்கம். மேல் பொத்தான் திறந்திருந்தது! கழுத்தில் பூத்துவாலை. இடுப்பு ஒரு பக்கம் போனது, தோள் மறுபக்கம் போனது. படம் மட்டும்தான் வந்தது, சத்தம் வரவில்லை. அது ஒரு குறையாகத் தெரிந்ததோ என்னவோ, ஒரு பையன் அவர் காலைப் பார்த்து மேசையில் தாளம் போட்டான். இன்னொருவன் தண்ணீர்க் குடுவையைக் கவிழ்த்துவைத்து அடித்தான். ஒரு மலாய்ப் பையன் பெட்டியைத் திறந்து தன் கொம்பாங் என்ற கைமேளத்தை எடுத்துவிட்டான். முன் வரிசையில் ஒரு சீன ஆன்டி இரண்டு கையையும் தூக்கித் தட்டினார்.

தாளம் மாடிக்கு ஏறியது. திரையில் இராமலிங்கம் நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். புதுப் பிள்ளைகளை வரவேற்க மேளம் அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, முகம் மெல்ல மலர்ந்தது. பெர்னிஸ் முதன்முறையாக அவர் பல்லைப் பார்த்தாள். பிறகு அந்தத் தாளத்துக்கே ஆட ஆரம்பித்தார்.

ஹால் அதிர்ந்தது. அவர் வேகமானால் இவர்கள் வேகமானார்கள்; இவர்கள் வேகமானால் அவர் இன்னும் வேகமானார்.

பெர்னிஸ் சுவரோரம் மண்டியிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். ஒரு சொடுக்கு போதும், வேலி சரியாகிவிடும், படம் போய்விடும். விரல் விசைமேல் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் ஒரு காலைத் தூக்கிச் சுழன்றார். இப்போதா வெட்டுவது? அவளால் முடியவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது. சிரிப்பில் வயிறு குலுங்கி, கண்ணில் நீர் வந்து, திரையே மங்கியது. அவர் கடைசிச் சுற்று சுற்றி முடித்து, காலி அறையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ஹால் எழுந்து நின்று கைதட்டியது. அப்போதுதான் அழுத்தினாள். டிவி இருண்டது. "ஆ…" என்று அத்தனை பேரும் ஏங்கினார்கள்.

மடிக்கணினி காட்டிய முதல் மாடி அறைக்குப் போய்க் கதவைத் தட்டியபோது அவர் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தார். பெர்னிஸ் ஒன்றும் மறைக்கவில்லை. எல்லாம் சொன்னாள்.

அவர் கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார். "யாரெல்லாம் பாத்தாங்க?"

"ஹால் ஃபுல்லா, சார்."

"பேரண்ட்ஸுமா?"

"அவங்கதான் முன் வரிசை. தப்பு என்னுது சார். நான்தான் மாத்த மறந்துட்டேன்."

கழுத்துத் துவாலையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கீழ மேளம் அடிச்சது?" என்றார்.

"பிள்ளைங்கதான் சார். உங்க காலைப் பாத்துப் பாத்து அடிச்சாங்க."

"அலாமாக். நான் அவனுங்க தாளத்த வச்சுல்ல ஆடினேன்!"

அவர் முகத்தைத் துவாலையில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பெர்னிஸ் பதறிப்போனாள். துவாலையை இறக்கியபோது பார்த்தால், மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நான்தானே கீழ போயி ரவுட்டர் வைக்கக் கூடாதுன்னு பேசணும்? வா, போவோம்."

அவர் ஹாலுக்குள் நுழைந்ததும் கொம்பாங் ஒலித்தது. கையை உயர்த்தி அடக்கினார்.

"நீங்க பாத்தது எங்க தப்பால பாத்தது" என்றார். "ஆடினது நானா இருந்ததால சரியாப் போச்சு. உங்க ரூம்ல நடக்கிறதை இப்படி ஊரே பாத்தா சும்மா இருப்பீங்களா? அதுக்குத்தான் ஆளுக்கொரு வேலி. இப்பப் போட்டாச்சு. சொந்த ரவுட்டர் வச்சீங்கன்னா பக்கத்து ரூம்காரனுக்கும் கெடும், உங்களுக்கும் கெடும். அவ்வளவுதான்."

அத்தனை வருடப் பறிமுதலில் நடக்காதது அப்போது நடந்தது. நைஜல் எழுந்து வெளியே ஓடினான். திரும்பி வந்து ஒரு ரவுட்டரை மேசையில் வைத்தான். "துணிக்கூடைல இருந்துச்சு, அங்கிள்." இன்னொருத்தி தோள் பையிலிருந்து ஒன்றை எடுத்தாள். பிறகு ஒரு படையே எழுந்தது. மேசையில் ரவுட்டர்கள் குவிந்தன. ஒரு தகப்பன் மகனைப் பிடித்துத் தள்ளி, "நீயும் போய்க் குடுடா!" என்றார்.

மாலையில் கார் நிறுத்தத்தில் இராமலிங்கத்தின் கைப்பேசி அடித்தது. யாரோ எடுத்த வீடியோ அவருக்கு முன்னால் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. விஷ்ணுப்ரியா கத்தியது தள்ளி நின்ற பெர்னிஸுக்கே கேட்டது: "அப்பா! எனக்குச் சொல்லவே இல்லையே! நானும் உங்க மாப்பிள்ளையும் உங்ககூட ஆடுவோம்!"

அவர் கைப்பேசியை மூடிவிட்டுக் கார்க் கதவைத் திறந்தார். பிறகு, "சனிக்கிழமை வந்துரு, பெர்னிஸ். உனக்கு ஆட வருமா?" என்றார்.

"சுத்தமா வராது சார்."

"பரவால்ல. வேலி போடத் தெரியுதுல்ல, ஆட்டமும் வந்துரும்."

எல்ஆர்டியில் கூட்டம் நெரிந்தது. பெர்னிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை, சிரிப்பு பொங்கி வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் பாசார் பைகளோடு உட்கார்ந்திருந்த ஆன்டி அண்ணாந்து அவளைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.