தோடியைக் கல்யாணி என்றவன்

மங்கலம் எந்த இடத்தில் வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தான் சங்கரநயினார், கும்பகோணத்து மண்டபத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, மேடையில் அவன் மனைவி தையல்நாயகி வயலின் வாசிக்கிறாள், வில் மேலே போகிறது, கீழே வருகிறது, பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஆகா என்கிறார், கல்யாணி ராகம் கேட்பவர் நெஞ்சில் மங்கலத்தை நிறைக்கும் என்று அவன் படித்த புத்தகத்தில் போட்டிருந்தது, அவனுக்குக் கேட்டதெல்லாம் கம்பியில் ஏதோ உரசுகிற சத்தம், கொஞ்சம் தடித்த உரசல், கொஞ்சம் மெலிந்த உரசல், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்லே என்று சொன்னாள், வாத்தியத்தில் தேசிய கீதம் வாசித்தால் மற்றவர்கள் எழுந்திருப்பதைப் பார்த்துத்தான் அவனும் எழுந்திருப்பான், சினிமாப் பாட்டை வரிகளை வைத்துக் கண்டுபிடிப்பான், வரியில்லாவிட்டால் எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு. செவிடனில்லை, குடிநீர் வாரியத்தில் இன்ஜினியர், மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான், ராகம் மட்டும் அவன் காதுக்குள் வந்ததும் ராகமாக இல்லாமல் போய்விடுகிறது.

தஞ்சாவூரில் பெண் பார்க்கப் போன அன்று அவள் வாசித்தாள், மிருதங்கக்காரரான அவள் அப்பா, மாப்பிள்ளைக்குச் சங்கீதம் புடிக்குமா என்று கேட்டார், வாசிக்கிறவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று, உசிருங்க என்றுவிட்டான், மறுநாளே பஸ் ஸ்டாண்ட் கடையில் சங்கீதம் தெரியாதவர்களுக்கென்று எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தை வாங்கினான். பயத்தில்தான் படிக்கத் தொடங்கினான், பிறகு பயம் போய்விட்டது, அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்ற குறுகுறுப்பு பிடித்துக்கொண்டது, தியாகராஜரும் தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் ஒரே திருவாரூரில் பிறந்தவர்களாமே, அந்த ஊர்த் தண்ணீரில் என்ன இருந்தது, கோயிலில் காதில் விழுகிற முதல் வார்த்தையை வைத்துச் சீர்காழி முத்துத்தாண்டவர் தினம் ஒரு பாட்டுக் கட்டினாராமே, ஒருநாள் யாரும் பேசாமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார், சாப்பாட்டு நேரத்தில் ஆபீசில் உட்கார்ந்து படிக்கிறான், எந்த நாட்டுக்கும் போகாதவன் வரைபடம் பார்ப்பது போல ராகங்களின் ஏறு வரிசையும் இறங்கு வரிசையும் பார்க்கிறான், ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் என்ன வாசிக்கப்போகிறாள் என்று பேச்சுவாக்கில் கேட்டு வைத்துக்கொள்கிறான், முடிந்ததும் புத்தகத்தில் அந்த ராகத்தின் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை சொல்கிறான்.

அன்றைக்கும் காரை ஓட்டிக்கொண்டே சொன்னான், கல்யாணி பிரமாதம் தையலு, நெஞ்சே நிறைஞ்சு போச்சு. பாபநாசம் தாண்டிய பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள், கல்யாணியா. ஆமா. இன்னைக்கு மிருதங்கம் வாசிச்சவரு கேட்டுக்கிட்டாருன்னு மேடையிலயே மாத்திட்டேங்க, நான் வாசிச்சது தோடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பகலுக்கும் இரவுக்கும் உள்ளது என்று அவன் படித்த எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஓரமா நிறுத்துங்க என்றாள், நிறுத்தினான், எதிரே வயலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, எனக்குக் கேக்காது தையலு, எதுவுமே கேக்காது, எல்லாம் படிச்சுச் சொன்னது என்றான். வயலின் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அவள் நேராகச் சாலையையே பார்த்தாள், அப்பா குத்தம் மட்டும்தான் சொல்லுவாரு, மத்தவங்க புகழ மட்டும்தான் செய்வாங்க, நீங்க ஒருத்தர் சொன்னாத்தான் நான் நம்புவேன், அதுவும் இல்லையா என்றாள், தஞ்சாவூரில் வீட்டுக்கு வந்ததும் அவனைக் கூப்பிடாமல் சாப்பிட்டாள்.

காலையில் அவன் காப்பியோடு கூடத்துக்கு வந்தபோது அவள் பாயில் உட்கார்ந்திருந்தாள், உக்காருங்க, நேத்து வாசிச்சதையே வாசிக்கிறேன், என்ன கேக்குதுன்னு பொய் சொல்லாமச் சொல்லுங்க என்றாள், கோபம் இன்னும் குரலில் இருந்தது. வாசித்தாள். கதவைத் தொறந்து தொறந்து மூடுற மாதிரி இருக்கு, கோவிச்சுக்காத. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள், அப்புறம் எதுக்குங்க ஒரு கச்சேரி விடாம வந்தீங்க. வாசிக்கிறப்ப நீ வேற யாரோ, அது யாருன்னு பாக்கத்தான் என்றான், பிறகு தயங்கிச் சொன்னான், ஒண்ணு சொல்லட்டா, விரல் மேல மேல போயி ஒரு இடத்துல நிக்கும் பாரு, எல்லாரும் கண்ண மூடுவாங்களே, அங்க நீ மூச்சு விடமாட்ட, எனக்கு ஒவ்வொரு தடவையும் பக்கு பக்குன்னு இருக்கும், நீ மூச்சு விட்டப்புறம்தான் நானும் விடுவேன். இல்லீங்க, நான் நல்லாத்தான் விடுறேன் என்றாள், மறுபடி வாசித்தாள், விரல் மேலே ஏறியது, நின்றது, அவள் கண்கள் அகன்றன, மூச்சு நின்றிருந்தது. அப்பாகூட இதைப் பார்த்ததில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தோளைத் தளர்த்தி, திரும்ப முதலிலிருந்து, திரும்ப அந்த இடம், இந்தத் தடவை அவள் நெஞ்சு மெல்ல ஏறி இறங்குவதை அவன் பார்க்கிறான், வில் இழுபட்டுக்கொண்டே போகிறது, முடிகிற மாதிரி தெரியவில்லை, அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கி மோவாயில் நிற்கிறது, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்கிறான், என்ன ஆச்சு தையலு, நல்லாருந்துச்சா, சொல்லு, எப்படி இருந்துச்சு.