மூன்றாவது குண்டு

ஹால்வர் ஸ்டென்சன் நவம்பர் எட்டாம் தேதி சுட்ட முதல் குண்டு, பதினேழாம் தேதி காலை பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் குறிவைத்த எல்க் மான் நின்ற இடத்தில் அப்போது பக்கத்துப் பண்ணை டெல்பர்ட்டின் கிடாரி நின்றது. சத்தமும் அப்போதுதான் வந்தது. துப்பாக்கியோ வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

எல்லாம் மருந்தால் வந்த வினை. அந்த வருடம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் முழுக்க வெடிமருந்துப் பஞ்சம். வீட்டிலேயே தோட்டா அடைக்கிறவர்கள் வெறுங்கூடுகளை வைத்துக்கொண்டு கையைப் பிசைந்தார்கள். கடைக்கார விர்ஜில் மேல்தட்டிலிருந்து தூசி படிந்த டப்பா ஒன்றை இறக்கினார்.

"இத யாரும் சீந்துறதில்ல ஹால்வர். ரொம்ப மெதுவா எரியும்."

எரியும் வேகப்படி மருந்துகளை அடுக்கிய கையேட்டு அட்டவணையில் அதுதான் கடைசி வரி. அதற்குக் கீழே வெறும் காகிதம். கையேட்டில் போட்டிருந்த ஒரே அளவைத் துளி பிசகாமல் நிறுத்து, ஹால்வர் மூன்று தோட்டா அடைத்தார்.

எட்டாம் தேதி, புல்வெளியில் நின்ற ஆண் எல்க்கை மூன்று முறை சுட்டார். வெடிக்கவில்லை. வெடிக்காத தோட்டாவை உடனே எடுக்காமல், குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது விநாடி பொறுக்க வேண்டும் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் பொறுத்தார். திறந்தால் கூட்டில் மருந்தும் இல்லை, குண்டும் இல்லை, குழல் வழியே வானம் தெரிந்தது. மான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்ந்து நின்று, கடைசியில் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது.

இரண்டாவது குண்டு பதினோரு மாதம் கழித்து, வேலி கட்டிக்கொண்டிருந்த டெல்பர்ட்டின் தொப்பியைத் துளைத்தது. முதல் குண்டுக்குப் பிறகு, ஹால்வர் சுட்ட இடத்துக்கும் புல்வெளிக்கும் நடுவில் ஆளுயர மண்மேடு போட்டிருந்தார்கள். குண்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அந்த இடத்தைப் போன நவம்பரிலேயே அது தாண்டியிருந்தது.

"யோவ் ஹால்வர், மாட்டுக்கு ஒன்னு, தொப்பிக்கு ஒன்னு. மூணாவது யாருக்குய்யா?" என்றார் டெல்பர்ட்.

மூன்றாம் முறை மான் எங்கே நின்றது என்பது ஹால்வருக்கு ஞாபகமில்லை. புல்வெளியோரக் கோணல் பைன் மரத்துக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா? மரமும் அடுத்த புயலில் சாய்ந்துபோனது. ஏழு வயது மகள் மார்னி அந்தப் புல்வெளி வழியாகத்தான் பள்ளிப் பேருந்துக்குப் போக வேண்டும்.

"நடுவுல எங்கயும் நிக்காத கண்ணு. நடந்துகிட்டே இரு" என்று தினமும் சொல்லி அனுப்பினார்.

ஊரும் அந்தப் பழக்கத்துக்கு வந்தது. புல்வெளியில் யாரும் நிற்பதில்லை. தபால்காரர் நடந்தபடியே கடிதம் நீட்டினார். வளர்ந்ததும் மார்னியின் கல்யாணமும் அங்கேதான் நடந்தது. பாதிரியார் மூச்சு வாங்க, மணமக்களோடு வட்டம் சுற்றியே உறுதிமொழி வாங்கினார். கிணறு தோண்டியதில் தண்ணீர் கிடைத்தது அங்கே மட்டும்தான் என்பதால் அவள் வீடும் அங்கேயே எழும்பியது. ஹால்வருக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. பகல் முழுக்கத் தன் வீட்டு வாசலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடு ஹால்வர். நீ பாத்துகிட்டே இருந்தா குண்டு வராம போயிடுமா?" என்றாள் மனைவி ஐரீன்.

சுட்டதிலிருந்து பதினான்காம் வருட அக்டோபரில், ஆறு மாத வயிற்றோடு மார்னி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போர்வை கனமாக இருந்ததால் ஒரே இடத்தில் நின்றாள். காட்டிலிருந்து ஒரு கிழட்டு எல்க், மூஞ்சியெல்லாம் நரைத்து, கொடிக்கயிற்றைத் தாண்டி வந்தது. அவளிடமிருந்து நாலடி தள்ளி நின்று திரும்பி ஹால்வரைப் பார்த்தது. அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். நகரச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தார்.

வெடிச் சத்தம் கேட்டது. மான் நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தது.

மார்னி வாயிலிருந்த துணிக் கவ்வியை எடுத்தாள். "சரியா தோளுக்குப் பின்னாடி பட்டிருக்குப்பா" என்றாள். ஹால்வர் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

வேட்டை அதிகாரி வந்து உரிமச் சீட்டு கேட்டார். ஐரீன் மாவு டப்பாவுக்குள்ளிருந்து அந்தப் பழைய வருடத்துச் சீட்டை எடுத்து வந்தாள்.

"விசைய அழுத்துனது எப்போ?"

"அந்த வருஷம் நவம்பர் எட்டு" என்றார் ஹால்வர்.

"அப்ப வேட்டை சீசன் தானே" என்று சீட்டில் அந்தத் தேதியைக் கத்தியால் வெட்டி அடையாளம் வைத்துக் கொடுத்துவிட்டு, காப்பி குடித்துப் போனார்.

கறி தோலாக இழுத்தது, இரண்டு நாள் வேகவைத்தார்கள். மார்னி புல்வெளி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். ஹால்வர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.