தூக்க வந்தவர்

கிட்ட வாங்க கண்ணுங்களா, ஒரு கதை சொல்கிறேன். சாவு வீட்டுக் கதைதான். ஆனாலும் உங்களை அழவைத்து அனுப்ப மாட்டேன்.

கிழவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவை இழுத்து முடிந்துகொண்டிருந்தார். பக்கத்து அறையில் அவர் மனைவி பெட்டிக்குள் படுத்திருந்தாள். அவர்கள் நாட்டிலிருந்து விண்வெளிக்குப் போன முதல் பெண். ‘பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்’ என்று திருப்பி அனுப்பிய அலுவலகத்துக்கே மறுபடி மறுபடி போய் நின்று, கடைசியில் ராக்கெட் ஏறியவள். முந்தின நாள் மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டாள். அவளைத் தூக்கிப்போக ஆறு சிப்பாய்கள் வாசலில் விறைப்பாக நின்றார்கள்.

“எங்கப்பா கெளம்பிட்டீங்க? உங்களுக்குக் கார் வருது,” என்றாள் மகள்.

“நானும் தூக்கப் போறேன்.”

மகள் போய் அதிகாரியைக் கூட்டி வந்தாள். தன்மையான மனுஷர். நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருக்கும், இந்த வயதில் கால் இடறினால் அம்மாவுக்கல்லவா மரியாதைக் குறைவு என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

கூடத்தில் அழுகையைவிடச் சிரிப்புத்தான் அதிகம். மேலே போய்வந்த புதிதில் அவள் காபியைக் குடித்துவிட்டுக் கோப்பையை அந்தரத்திலேயே விட்டுவிடுவாளாம், மிதக்கும் என்ற நினைப்பில். அந்த வருஷம் வீட்டில் ஒரு கோப்பை தங்கவில்லை என்று கொழுந்தியாள் சொல்லச் சொல்ல, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

கிழவர் மட்டும் எழுந்து நின்றார்.

“போட்டுடுவேன்னுதானே பயப்படுறீங்க? நான் ஏற்கனவே ஒரு தடவை அவளைக் கீழ போட்டவன்தான் சார்.”

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். மகளுக்கே தெரியாத சேதி. விண்கலம் மழை பெய்த வயலில் இறங்கியபோது, மீட்கப் போன கூட்டத்தில் இவர் ஒரு சாதாரண ஆள். எடையே இல்லாமல் இருந்துவிட்டு வந்தவளுக்குக் கால் நிற்கவில்லை. இவர்தான் தூக்கினார். நாலு எட்டு வைப்பதற்குள் வழுக்கி, அவளோடு சேர்ந்து சேற்றில் விழுந்தார். படம் எடுப்பவர்கள் வருவதற்குள் அவசர அவசரமாகத் துடைத்துவிட்டார்களாம்.

“அம்மா திட்டலையா?”

“‘அவ்ளோ தூரம் போய்ட்டுப் பத்திரமா வந்தேன், நாலு எட்டுல கவுத்துட்டியேப்பா’ன்னா. சேத்துலயே கெடந்து சிரிச்சா. அந்தச் சிரிப்புக்குத்தாம்மா நான் கட்டிக்கிட்டேன்.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “இன்னிக்காவது ஒழுங்காக் கொண்டுபோய்ச் சேக்கணும்.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அதிகாரி முன்பக்கத்துச் சிப்பாய் ஒருவனை விலகிக்கொள்ளச் சொன்னார்.

பெட்டி எழுந்தது. கிழவர் குள்ளம், தோளுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மற்ற ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே முழங்காலை மடித்தார்கள். பெட்டி இறங்கி வந்து அவர் தோளில் உட்கார்ந்தது. அப்படியே, அத்தனை பேர் பார்க்க, ஐந்து நெட்டைச் சிப்பாய்களும் வாத்து நடை நடந்து அவரோடு வெயிலுக்குள் போனார்கள்.

உங்கள் வீட்டிலிருந்து தூரம் போனவர்களெல்லாம் நல்லபடியாக வந்து சேரட்டும் கண்ணுங்களா. வீடு நிறையச் சிரிப்போடு இருங்கள்.