வஜீஹா நின்ற மனை

1926 ஆகஸ்டு ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொன்றே காலுக்குக் கோர்ட்டு உத்தரவு பிறந்தது. அந்த நேரத்தில் மாம்பலம் மனைக்குள் நின்றிருந்த வஜீஹாவால் அதன் பிறகு வெளியே வர முடியவில்லை. வழக்கு முடியும்வரை மனை இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. மனை கீழ்ப்படிந்தது. வெயில் பதினொன்றே காலில் நின்றது. தென்னையிலிருந்து விழுந்த மட்டை பாதி வழியில் நின்றது. வஜீஹா நடக்கலாம், பேசலாம்; வேலியைத் தாண்டத்தான் முடியாது. பசிக்கவில்லை. வயது ஏறவில்லை.

உத்தரவைக் கேட்டு வாங்கியவர் அவள் புருஷன் கலீமுல்லா. ராயப்பேட்டையில் மோட்டார் கார்களுக்கு மெத்தை தைப்பவர். அண்ணன் குடும்பத்தோடு ஒரே அடுப்பில் காலம் தள்ளியவர். மயிலாப்பூர் ரகுபதி அந்த மனையை அவருக்கு விற்பதாக அக்ரிமென்ட் எழுதிக்கொடுத்தார். பக்கத்தில் தியாகராய நகர் எழும்பியது, விலை ஏறியது, ரகுபதி கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். எழுதிக்கொடுத்தபடி விற்க உத்தரவிடச் சொல்லிக் கலீமுல்லா வழக்குப் போட்டார். நடுவில் மனை வேறு கைக்குப் போய்விடாதபடி தடையும் கேட்டார். அக்ரிமென்ட் இருந்தால் மனை தங்களுடையது என்றே அந்த வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அதனால்தான் வஜீஹா அன்று காலை முருங்கைப் போத்து ஒன்றை நடப் போயிருந்தாள்.

வக்கீல் கல்யாணராமன் விஷயத்தைக் கேட்டு வியக்கவில்லை. "தடை வேண்டாம்னு ஒரு மனுப் போட்டா உங்க சம்சாரம் இன்னிக்கே வெளில வந்துடுவா. ரகுபதி நாளைக்கே வித்துடுவார்" என்றார். கலீமுல்லா வேலியோரம் வந்து அதைச் சொன்னார். வழக்கு இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் என்றும் சொன்னார்.

"மனுவெல்லாம் வேணாங்க. ரெண்டு மாசந்தானே?" என்றாள் வஜீஹா. "உங்க அண்ணி மூஞ்சில முழிக்கறதுக்கு இங்கயே நின்னுக்கினு இருக்கலாம்."

இரண்டு மாதம் வருடங்களாயிற்று. நீதிபதி மாற்றலாகிப் போனார். புதியவர் ஆதியிலிருந்து கேட்டார். கோடை விடுமுறை வந்தது, ரகுபதிக்கு வயிற்றுவலி வந்தது, சாட்சி ஒருவர் இறந்தார். சுற்றிலும் தெருக்கள் உண்டாயின, வீடுகள் வந்தன. ஐப்பசி மழையில் அக்கம்பக்கத்தார் துணிகளை அந்த வேலியில் உலர்த்தினார்கள். வெயில் அங்கே மட்டும் உண்டு. வஜீஹாவின் மகள் அஸ்மத்துன்னிசா அந்த வெளிச்சத்தில் பாடம் படித்தாள். இரவு விளக்குக்கு எண்ணெய் மிச்சமாயிற்று.

ரகுபதியும் எப்போதாவது வந்து வேலிக்கு வெளியே நிற்பார். "நான் விக்க மாட்டேன்னு சொல்லலியேம்மா. அந்த விலைக்கு மாட்டேங்கறேன், அவ்வளவுதான்."

"அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்ட கை உங்களுதுதானே சாமி? இல்ல வாடகைக்கு வாங்கினதா?" என்பாள் வஜீஹா. அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார்.

ஆறாம் வருடம் அவளே கேட்டாள், மனுவைப் போட்டுவிடுங்கள் என்று. அடுத்த வாய்தாவில் முடிந்துவிடும் என்றார் கலீமுல்லா. அடுத்த வருடமும் கேட்டாள். இவ்வளவு தூரம் வந்த பிறகா என்றார். அதன் பின் அவள் கேட்கவில்லை. மகள் தாயைவிட உயர்ந்தாள். அவளுடைய நிக்காஹ்வை வேலியோரம் பந்தல் போட்டு நடத்தினார்கள். உள்ளே நிற்பது மணப்பெண்ணின் தங்கையா என்று மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தார்கள். அம்மா என்றதும் தலையசைத்துவிட்டுப் பிரியாணிக்கு உட்கார்ந்தார்கள்.

1938இல் தீர்ப்பு வந்தது. ரகுபதி பத்திரம் எழுதித்தர வேண்டும். மறுத்தால் அவருக்காகக் கோர்ட்டே கையெழுத்திடும். ரகுபதி அன்றே ஐகோர்ட்டுக்கு அப்பீல் தயார் செய்தார். "அங்கே இன்னும் அஞ்சாறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் தடையை நீட்டிக்கச் சொல்லட்டுமா, வேண்டாமா? இப்ப இருக்கற தடை நாளையோட முடியறது, அதுக்குள்ள சொல்லிடுங்கோ" என்றார் கல்யாணராமன்.

கலீமுல்லா நடந்தே வந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. வெளியே மழை, அவர் நனைந்தார். உள்ளே வெயிலில் வஜீஹா நின்றாள்.

"ஜெயிச்சிட்டோம்" என்றார்.

பிறகு அவர் அப்பீலைச் சொன்னார், வருடங்களைச் சொன்னார்.

"தடை இருந்தா மனை நம்புளுது. இல்லாட்டி நீ நாளைக்கே வெளிய வந்துடலாம். நீ இன்னா சொல்றே?"

வஜீஹா வேலி அருகே வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இத வக்கீல் கேட்டுக்கினு வரச் சொன்னாரா, இல்ல நீங்க கேக்குறீங்களா?"